தேர்ச்சிக் கணக்கில் தூக்கத்தையும் சேர்க்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மாணவர் தேர்ச்சி குறித்த தங்கள் தலையங்கம் கூடுதல் வகுப்புகளை வலியுறுத்தியதே தவிர, உறக்கத்தைப் பற்றி ஒரு வரியும் கூறவில்லை. 13 முதல் 18 வயதினருக்கு அன்றாடம் 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவையென மருத்துவர்கள் கூறுகின்றனர்; பகலில் படித்தது மூளையில் நிலைபெறுவதற்கும், நோய் எதிர்ப்பாற்றலும் மனச்சமநிலையும் குன்றாதிருப்பதற்கும் அதுவே துணை. பட்டர்வொர்த்தில் ஐந்தாம் படிவம் பயிலும் என் பேத்தி, பிரத்தியேக வகுப்பு முடிந்து இரவு 10.30க்கு வீடு திரும்பி, விடியற்காலை 5.15க்கு எழுந்து, பள்ளி வேனில் ஏறியதுமே உறங்கிவிடுகிறாள். அவளைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. மலேசிய மாணவர்கள் ஐந்தாம் படிவ இறுதியில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வுக்கான இவ்வகுப்புகளை இரவு 8.30க்குள் முடிக்கவும், இயன்றவற்றை வார இறுதிக்கு மாற்றவும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் வகுப்பு நடத்துவோரிடம் பேசலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பட்டர்வொர்த், பினாங்கு