ஆறுதலாகக் கதைப்பம்

அன்புள்ள தம்பிக்கு,

முந்தநாள் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது. அம்மாவுக்குத்தான் வெட்கம். மருமகளுக்கு அவ போட்ட மெசேஜ் இவ்வளவுதான்: "இப்ப வேலையா இருக்கிறன் பிள்ளை, இரவைக்கு ஆறுதலாகக் கதைப்பம்." இங்கே கொழும்பு வெள்ளவத்தையில் யாரிடம் கேட்டாலும், அவசரப்படாமல் பேசுவோம் என்றுதான் அர்த்தம் சொல்வார்கள். மதுரையில் வளர்ந்த பிள்ளைக்கு ஆறுதல் என்பது செத்த வீட்டில் சொல்வது. யாருக்கு என்னவோ என்று பதறி, வேலையில் இருந்த உன்னைக் கூப்பிட்டிருக்கிறாள். பாவம்.

அதற்காக, "அம்மாவை இனி எங்கட தமிழை விட்டுவிட்டு எழுதச் சொல்லுங்கோ" என்று நீ சொன்னாயே, அது எனக்குப் பிடிக்கவில்லை.

வாத்திப் புத்தி, பொறுத்துக்கொள். ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருந்தால், அதோடு வரும் வினையையும் இனத்தையும் சார்பையும் வைத்துத் தெளியலாம் என்கிறது தொல்காப்பியம். 'மா பூத்தது' என்றால் மரம், 'மா ஓடியது' என்றால் குதிரை. "மா முடிஞ்சுது" என்று அம்மா கடைக்கு அனுப்பினால் நான் கோதுமை மாவோடுதான் திரும்பி வருகிறேன்.

சார்பு என்றால் பக்கத்தில் நிற்கும் சொல் என்றுதான் வகுப்பில் படிப்பித்து வந்தேன். ஆனால் 2006 டிசம்பரில் நீ ஓ.எல். பரீட்சை எழுதப் போன காலையை யோசித்துப் பார். போர்க்காலம். கொழும்புக் காலி வீதியில் 100ஆம் நம்பர் பஸ்சை மறித்து, சோதித்துப் பார்க்க எல்லாரையும் இறக்கிவிட்டார்கள். நீ ஒரு கையில் அடையாள அட்டையும் மற்றக் கையில் பேனைப் பெட்டியுமாக வரிசையில் நின்றாய். ஓடிப்போய்ச் சேர்ந்தபோது, "ஏன் பிந்தினனீர்?" என்று வாசலில் நின்ற ஆசிரியர் கேட்டார். "சோதனை, சேர்" என்றாய். எங்கட தமிழில் பரீட்சையும் சோதனைதான்; சோதனை எழுத வந்தவன் சொல்லும் பதிலா அது? ஆனால் அவர் மறுகேள்வி கேட்காமல் உள்ளே விட்டார். அந்த வருடத்துக் கொழும்பே அந்த ஒரு சொல்லுக்குச் சார்பாக நின்றது. இன்று இதே வாசலில் ஒரு பிள்ளை அப்படிச் சொன்னால், விளையாடுகிறான் என்று காதைத் திருகுவார்கள். சென்னையில் என்றால் வருமான வரிக்காரர் வந்தார்களோ என்று கேட்பார்கள்.

மருமகளிடம் நானே பேசிவிட்டேன். "அப்ப கதைப்பம் என்றால் கதை சொல்றதா மாமா?" என்று அடுத்ததைத் தொடங்கிவிட்டாள். கெட்டிக்காரி.

தைப்பொங்கலுக்கு வருவதென்றால் இப்போதே சொல். அம்மா மா வறுத்து வைக்க வேண்டுமாம்.

அன்புடன்,
அப்பா