பட்டியலில் இல்லாத பாம்பு

களியல்
18.1.2026

அன்பு மகளுக்கு,

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்: உன் அப்பா நன்றாக இருக்கிறார். இன்று காலையில்கூடத் தோசைக்குச் சட்னி போதவில்லை என்று என்னிடம் சண்டை போட்டார். அதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படி, மக்களே.

ஐப்பசிக் கடைசியில் அவரைப் பாம்பு கடித்தது. 16 நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அந்த நாட்களில் நீ அழைத்தபோதெல்லாம் "தோட்டத்துக்குப் போயிருக்கிறார்", "இப்போதுதான் கண்ணயர்ந்தார்", "போனைத் தண்ணீரில் போட்டுவிட்டார்" என்று நான் சொன்னது அத்தனையும் பொய். கோபன்ஹேகனில் உட்கார்ந்து பாம்பு விஷத்துக்கு முறிவு தேடுகிற பெண்ணிடமே, வீட்டில் நடந்த பாம்புக்கடியை மறைத்த குடும்பம் உலகத்தில் நம்முடையது ஒன்றாகத்தான் இருக்கும். மறைக்கச் சொன்னது நான். தெரிந்திருந்தால் டிக்கெட் எடுத்து ஓடி வந்திருப்பாய். வந்து என்ன செய்திருப்பாய்? என்னோடு சேர்ந்து வராந்தாவில் உட்கார்ந்திருப்பாய்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கம்ப்யூட்டரில் புரதம் வரைவதைப் பற்றி மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தாயே, அப்போது அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து இடது கை விரலைத் தடவிக்கொண்டிருந்தார். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. எழுதினால் வரும் என்று இதை எழுதுகிறேன்.

அன்று காலை நாலரை மணி. வழக்கம்போல நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டப் போனார். முந்தின ராத்திரி மழை பெய்ததில் சிரட்டைகளில் தண்ணீர் நின்றிருக்கிறது. கீழே விழுந்து கிடந்த ஒன்றை எடுக்க மரமூட்டில் குனிந்து சருகுக்குள் கையை விட்டார். மோதிர விரலில் முள் குத்தியதுபோல இருந்ததாம். விளக்கைத் திருப்பிப் பார்த்தால், ஒரு சாண் நீளத்துக்குச் சருகு நிறத்தில் ஒரு சுருள். மூக்கு நுனி மட்டும் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது. உன் அப்பா செய்த ஒரே புத்திசாலித்தனம், அதை அடிக்காமல் போனில் படம் எடுத்ததுதான். அடுத்த முட்டாள்தனத்தை உடனே செய்தார்: மீதியிருந்த பத்து மரத்தையும் வெட்டி முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தார்!

மோதிரத்தைச் சோப்பு போட்டுக் கழற்றினேன். இன்னும் பத்து நிமிடம் போயிருந்தால் விரல் வீங்கி, மோதிரத்தை அறுக்க வேண்டியிருக்கும். சத்தம் கேட்டு வந்த உன் மாமா துண்டை எடுத்து முழங்கைக்கு மேல் இறுக்கப் பார்த்தார். வெள்ளறடைக்கு அந்தப் பக்கம் ஒரு விஷ வைத்தியர் இருக்கிறார் என்றது பக்கத்து வீடு. 31 வருடம் நர்ஸாக வேலை பார்த்தவளின் வீட்டு முற்றத்தில் நின்று இப்படிப் பேசுகிறார்கள். இரண்டு பேரையும் ஒரே வார்த்தையில் விலக்கிவிட்டு, கையை அசையாமல் கட்டி ஜீப்பில் ஏற்றினேன்.

ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். டியூட்டியில் இருந்த டாக்டர் உன்னைவிடச் சின்னப் பையன், நல்ல பையன். இரத்தம் உறைகிறதா என்று பார்க்க அங்கிருந்த பெண் பிளாஸ்டிக் குழாயைக் கொண்டுவந்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஓய்வு பெற்றவள், வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். இருக்க முடியவில்லை. "கண்ணாடிக் குழாய் எடு. சோப்பு போட்டுக் கழுவினது வேண்டாம். உலர்ந்தது வேண்டும்" என்றேன். 2 மில்லி இரத்தம். மேசைமேல் நிமிர்த்தி வைத்தாயிற்று. 20 நிமிடம் யாரும் அதைத் தொடக்கூடாது.

அந்த இருபது நிமிடத்தை எத்தனை பேருடைய மனைவிமாரோடு நான் உட்கார்ந்து கடத்தியிருக்கிறேன். "ஒன்றும் ஆகாது, நேரம் ஆகட்டும்" என்று சொல்லிச் சொல்லி நாக்குத் தேய்ந்திருக்கிறது. அன்றைக்கு எனக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை. சுவர்க் கடிகாரத்தின் நொடிமுள் ஒட்டி ஒட்டி நகர்ந்தது. நேரம் ஆனதும் டாக்டர் குழாயை ஒருமுறை சாய்த்தார். உறைந்திருந்தால் அடியில் கட்டியாக ஒட்டிக்கொண்டு நிற்கும். உறையவில்லை. நன்னாரி சர்பத்துபோலச் சரிந்து வந்தது.

ஏன் கண்ணாடி என்று எனக்கு வெகுகாலம் தெரியாது. ஏட்டில் இருந்தது, செய்தோம். எம்.எஸ்சி. படிக்கும்போது நீதான் ஒரு விடுமுறையில் அடுக்களைத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னாய்: கண்ணாடியின் மேற்பரப்பில் இருக்கும் எதிர்மின்னூட்டம் பட்டதும் இரத்தத்திலுள்ள ஒரு புரதம் விழித்துக்கொள்கிறது, உறைதல் அங்கே ஆரம்பிக்கிறது, பிளாஸ்டிக்குக்கு அந்தக் குணம் இல்லை என்று. ஹேக்மன் கதையையும் சொன்னாய். அமெரிக்காவில் ரயில்வே தொழிலாளி. அவர் இரத்தம் கண்ணாடிக் குழாயில் உறையவே உறையாது, ஆனால் அவருக்கு இரத்தப்போக்கு என்று எந்தத் தொல்லையும் கிடையாது. 1955-இல் அவரை வைத்துத்தான் அந்தப் புரதத்தைக் கண்டுபிடித்தார்கள். கடைசியில் 1968-இல் அந்த மனிதர் செத்தது நுரையீரலில் இரத்தக்கட்டி அடைத்து. அதைக் கேட்டு நான் சிரித்துவிட்டு, சிரித்ததற்காகச் சிலுவை போட்டுக்கொண்டேன்.

சரி. இரத்தம் உறையவில்லை, ஏ.எஸ்.வி. என்கிற விஷமுறிவு ஊசி போட வேண்டும். டாக்டர் படத்தைப் பார்த்தார். சுருட்டை விரியன் என்றார். இல்லை, மூக்கைப் பாருங்கள் என்றேன். "அம்மா, எங்களிடம் இருப்பது இந்த மருந்துதான்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தக் குப்பியின் லேபிள் எனக்கு மனப்பாடம். ஒரு மில்லி மருந்து நல்ல பாம்பின் விஷம் 0.6 மில்லிகிராம், கண்ணாடி விரியன் 0.6, கட்டு விரியன் 0.45, சுருட்டை 0.45 முறிக்கும். நான்கே பெயர். அந்த நான்கில் ஒன்று கடித்திருந்தால் இதே குப்பிதான் அவரைக் காப்பாற்றியிருக்கும். குலுக்கினால் நுரைக்கும் என்று உள்ளங்கையில் வைத்து மெதுவாகச் சுழற்றிச் சுழற்றி, எத்தனை பேருக்கு என் கையாலேயே ஏற்றியிருக்கிறேன். அதனால் அந்தப் பையனை நான் குறை சொல்ல மாட்டேன். பாம்பு எதுவென்று உறுதியாகத் தெரியாமல், இரத்தமும் உறையாமல் இருக்கும்போது, கையில் மருந்தை வைத்துக்கொண்டு யார்தான் சும்மா இருப்பார்கள்?

மூன்றாவது குப்பியில் உன் அப்பாவுக்கு உடம்பெல்லாம் தடித்தது. நடுக்கம், மூச்சிரைப்பு. குதிரையின் இரத்தத்திலிருந்து எடுத்த புரதம் அல்லவா, சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அட்ரினலின் போட்டு அடக்கினார்கள். ராத்திரி மறுபடியும் குழாயைச் சாய்த்தோம். அப்போதும் சர்பத்துதான். சிறுநீர் குறையத் தொடங்கியதும் ஆம்புலன்ஸில் எல்லையைத் தாண்டித் திருவனந்தபுரம் போனோம். அங்கே ஒரு நடுவயது டாக்டரம்மா போனை வாங்கி, படத்தைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்கவில்லை. "முழமூக்கன்" என்றார். அவ்வளவுதான். ஏ.எஸ்.வி. நின்றது. பிளாஸ்மா ஏற்றினார்கள், நான்கு முறை டயாலிசிஸ் செய்தார்கள், சிறுநீரகம் தானாக விழிக்கும்வரை காத்திருந்தார்கள்.

அந்தப் பெயர்தான் என்னை இத்தனை நாளாகக் குடைகிறது. முழ என்றால் மலையாளத்தில் புடைப்பு. மூக்கில் புடைப்பு உள்ளவன், முழமூக்கன் குழிமண்டலி, அதுவும் விரியன் இனம்தான். பத்துகாணி தாண்டிக் கேரளத்துக்குள் போனால் அதற்குப் பெயர் இருக்கிறது. இந்தப் பக்கம் ஒருவர் சுருட்டை என்கிறார், ஒருவர் விரியன் குட்டி என்கிறார். அந்தப் பக்கமும் நெடுங்காலம் அதே குழப்பம்தான். இது சுருட்டை விரியன் அல்ல, ஆளைக் கொல்லக்கூடிய வேறு பாம்பு என்று கேரள மருத்துவர்கள் ஆதாரத்தோடு எழுதியதே 2007-இல்தான். இலங்கையில் அதிகம் கடிக்கிற பாம்பே இதுதானாம். மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய ரப்பர் தோட்டச் சருகு அதற்குச் சொந்த வீடு. இதையெல்லாம் 31 வருட சர்வீஸில் எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. நானும் தேடிப் படிக்கவில்லை. அந்த வெட்கமும் எனக்கு உண்டு.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பிய கட்டுரைகளையெல்லாம் உன் தம்பி அச்செடுத்துத் தந்தான். டயாலிசிஸ் அறைக்கு வெளியே உட்கார்ந்து, அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். 1890-களில் கால்மெட் என்ற பிரெஞ்சுக்காரர் நாகத்தின் விஷத்துக்கு முறிவு செய்துவிட்டு, எல்லாப் பாம்புக்கும் இது போதும் என்று நம்பியிருக்கிறார். நம் நாட்டுக் கண்ணாடி விரியனிடம் அது பலிக்கவில்லை. அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டேன்.

2024-இல் வேதியியலுக்கு நோபல் வாங்கிய டேவிட் பேக்கரின் குழு, இயற்கையிலேயே இல்லாத புரதங்களைக் கம்ப்யூட்டரில் வடிவமைத்து, நாகக் குடும்பத்து நஞ்சை எலிகளில் முறித்ததை 2025 ஜனவரியில் வெளியிட்டது. மூன்று விரல் நீட்டியதுபோல வடிவமுள்ள நஞ்சு என்று நீ சொன்னதை அந்தப் படத்தில் பார்த்தபிறகுதான் புரிந்துகொண்டேன். விரலுக்கு அளவெடுத்து மோதிரம் செய்வதுபோல. அதற்கு முந்தின வருடம் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் நிறுவனமும் சேர்ந்து செய்த செயற்கை மனித எதிர்ப்பொருள் ஒன்று, அதாவது நஞ்சைப் பிடித்து முடக்கும் புரதம்; குதிரையே வேண்டாம் என்பது எனக்குப் பிடித்தது, உடம்பு தடிக்கும் பயம் குறையும் அல்லவா? பிறகு அந்த அமெரிக்கக் கிறுக்கர் டிம் ஃப்ரீடி. பதினெட்டு வருடம் தன்னைத்தானே பாம்புகளிடம் கடி வாங்கிக்கொண்டவர். அவர் இரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்பொருள்களோடு ஒரு மருந்தையும் கலந்து, 19 வகைப் பாம்புகளின் விஷத்தில் சோதித்து 2025 மே மாதம் வெளியிட்டார்கள். அவர் மனைவியாக நான் இருந்திருந்தால் அந்த ஆராய்ச்சி முதல் கடியோடு முடிந்திருக்கும். அக்டோபரில் உங்கள் டென்மார்க்கிலிருந்தே வந்தது, அல்பாக்கா, லாமா இரத்தத்திலிருந்து எடுத்த குட்டி எதிர்ப்பொருள்கள் எட்டைச் சேர்த்து, 18 ஆப்பிரிக்கப் பாம்புகளில் 17-க்கு எதிராக வேலை செய்த கலவை.

எல்லாம் பெரிய காரியம்தான். பெருமையாகத்தான் படித்தேன். ஆனால் மக்களே, வரிசையாகப் பார்: நாகம், கட்டு விரியன் குடும்பம், மாம்பா, பவளப்பாம்பு. எல்லாம் நரம்பை முடக்குகிறவை. ஏன் என்று எனக்கும் விளங்குகிறது. சின்ன நஞ்சு, திட்டமான வடிவம், பிடிக்கத் தோது. கட்டு விரியன் பெயரில் மட்டும்தான் விரியன்; கண்ணாடி விரியன், சுருட்டை போன்ற நிஜ விரியன்களின் விஷம் அப்படி இல்லை, அது அவியல். ஒரு காய்க்கு மருந்து செய்தால் இன்னொரு காய் மிச்சம். பிடி கிடைக்கிற இடத்தில் முதலில் பிடிப்பது தப்பில்லை. ஆனால் பிடி கிடைக்காத பாம்புதான் நம் மரமூட்டில் சுருண்டு கிடக்கிறது.

இந்தியாவில் வருடத்துக்குச் சுமார் 58,000 பேர் பாம்புக்கடியில் சாவதாக ஒரு மதிப்பீடு, நீ அனுப்பியதில்தான் இருந்தது. அதில் முழமூக்கன் எத்தனை பேர், யாருக்குத் தெரியும்? 2024 நவம்பரில் தமிழ்நாடு பாம்புக்கடியை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாக்கியது, நல்லது. உன் அப்பா கடிபட்டது தமிழ்நாட்டில், பிழைத்தது கேரளத்தில். எந்த மாநிலக் கணக்கில் ஏறினாரோ!

உன்னிடம் ஒரு சந்தேகம் கேட்க வேண்டும். விரியன் விஷத்திலுள்ள சில நொதிகளுக்குள் துத்தநாகம் இருக்கிறது, அதைப் பிடுங்கிவிட்டால் நொதி செத்துவிடும், பாதரச விஷத்துக்குக் கொடுக்கும் ஒரு பழைய மருந்து அதைச் செய்கிறது என்று ஒரு கட்டுரையில் படித்தேன். சுருட்டையின் விஷத்தை வைத்து எலியில் பார்த்திருக்கிறார்கள். மாத்திரையாகவே விழுங்கலாம் போலிருக்கிறது. முழமூக்கன் விஷத்தில் யாராவது பார்த்தார்களா? பார்க்கவில்லை என்றால் ஏன் என்று உன் பேராசிரியரிடம் கேள். உன் அம்மா கேட்கச் சொன்னாள் என்றே சொல். 1978-இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் விஷம் எடுத்துக் கொடுக்கிறது, அதுவும் அந்த நான்கு பாம்பிலிருந்துதான். ஐந்தாவது வேண்டும் என்று கேட்கிற ஆள் வேண்டாமா?

டிக்கெட் கிக்கெட் எடுத்துவிடாதே. வைகாசியில் வருவதாகச் சொன்னபடியே வா. அப்பா மறுபடி வெட்டப் போகிறார். முழங்கால் உயரப் பூட்ஸும் கையுறையும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். பூட்ஸைப் போடுகிறார், கையுறை போட்டால் பட்டையின் ஆழம் தெரியவில்லை, கத்தி மரத்தில் பட்டுவிடுகிறது என்று கழற்றி இடுப்பில் செருகிக்கொள்கிறார். மரங்கள் இலை உதிர்க்கத் தொடங்கிவிட்டன, தோட்டம் முழுக்கக் கணுக்கால் அளவு சருகு. இன்னும் இரண்டு வாரத்தில் வெட்டை நிறுத்திவிடுவார், அதுவரை நாலரை மணிக்கு எனக்கும் தூக்கம் கிடையாது.

பாம்பின் படத்தை இதோடு வைத்திருக்கிறேன். மூக்கைப் பார்.

சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் இப்போது 1.4. பிப்ரவரி முதல் வாரத்தில் மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். ரிப்போர்ட் எப்படி வந்தாலும் அன்றைக்கே படம் எடுத்து உனக்கு அனுப்புகிறேன்.

அம்மா