விலங்கியல் காட்சியறை: சனிக்கிழமை வேலை

வணக்கம் நண்பர்களே. நம் பள்ளிக்கூடத்துப் பழைய விலங்கியல் காட்சியறையைத் திருத்தி, பக்கத்து அறையையும் சேர்த்துப் பெருப்பிக்கப் போகிறோம். 1866இல் தொடங்கிய, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்து பீபொடி இயற்கை வரலாற்று அருங்காட்சியகமே நான்கு வருடம் மூடித் திருத்தி, 2024இல்தான் திறந்தது. நம்முடையது சின்ன அறை. ஆனாலும் திருகோணமலைப் புறாத்தீவுப் பவளத்தைக் கையில் எடுத்துப் பார்க்கப் பிள்ளைகளுக்கு அதுதான் இடம்.

14ஆம் திகதி சனிக்கிழமை, காலை 8.30.

1. போத்தல்களில் இருப்பது உயிரினங்களைக் கெடாமல் வைக்கும் ஃபோர்மலின் திரவம், கண் எரியும். கையுறை கட்டாயம், மூடியைத் திறக்க வேண்டாம், ஜன்னல்கள் திறந்தே இருக்கட்டும்.
2. பழைய லேபல்களைத் தயவுசெய்து கிழிக்காதீர்கள். உயிரினத்தைப் பிடித்த இடமும் திகதியும் தொலைந்தால் அந்த மாதிரிப்பொருள் ஆய்வுக்கு உதவாது. முதலில் படம் எடுங்கள்.
3. மேசன் வேலை, வயரிங் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வருபவர்கள் புதன் இரவுக்குள் இங்கே பெயர் போடுங்கள்.