காட் வேலிக்கு நடுகல் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வெள்ளிக்கிழமை இளைஞர் இணைப்பில் சேலம் வாசகர் ஒருவர் ‘ஒன் பீஸ்’ மங்காவை, அதாவது ஜப்பானிய காமிக்ஸ் தொடரை, ஒரு பிடி பிடித்திருந்தார். கதாநாயகன் லூஃபியையும் அவன் கூட்டாளிகளையும் மாதக்கணக்கில் கண்ணிலேயே காட்டாமல் ஃப்ளாஷ்பேக்கிலேயே ஓட்டிவிட்டார் அதை எழுதி வரையும் ஓடா, இது டிவி சீரியல்காரர்கள் செய்கிற ஜவ்வு வேலை என்பது அவர் கட்சி. நன்றாகத்தான் எழுதியிருந்தார். ஆனால் எனக்கு ஒப்பவில்லை.

நான் பாலக்கோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இரும்புக்கை மாயாவி படித்து வளர்ந்த ஆள். மங்கா பக்கம் இழுத்துவிட்டது அக்கா மகன். வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும் என்பதே முதலில் எரிச்சலாக இருந்தது. பழைய பழக்கத்தில் இடமிருந்து படித்தால், அடி வாங்கியவன் பறந்துபோய் விழுந்த பிறகுதான் அடித்தவன் கை ஓங்குவான். இப்போது பழகிப்போய், தமிழ் காமிக்ஸை எடுத்தால் பின்னட்டையிலிருந்து புரட்டுகிறேன். ஜப்பானில் திங்கட்கிழமை பிறக்கும் நேரம் நமக்கு ஞாயிறு ராத்திரி எட்டரை. பதிப்பாளரின் ‘மங்கா பிளஸ்’ செயலியில் அந்த நிமிடமே ஆங்கிலத்தில் வந்துவிடும், புதிய அத்தியாயத்துக்குக் காசும் கிடையாது. பதினைந்து, பதினேழு பக்கம் இருக்கும். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், அதைப் பற்றிய வாய்ச்சண்டை வாரம் முழுக்க ஓடும். ரெக்கார்ட் நோட்டுக்குப் பிரிண்ட் எடுக்க வரும் பையன்கள் கடை வாசலிலேயே பஞ்சாயத்து வைப்பார்கள்.

(2025-இல் வந்த அத்தியாயங்களை இன்னும் படிக்காதவர்கள் அடுத்த மூன்று பத்தியைத் தாண்டிப் போய்விடவும். பிறகு என்னைத் திட்டக் கூடாது.)

சேலம் நண்பர் அலுத்துக்கொள்ளும் அந்த ஃப்ளாஷ்பேக், காட் வேலி கதை, நேற்று முளைத்ததல்ல. 2019-இல், 957-ஆம் அத்தியாயத்தில், கடற்படையின் முன்னாள் தலைவர் சென்கோகு அதைச் சொன்னார். 38 வருடம் முன்பு காட் வேலி என்ற தீவில் ராக்ஸ் என்ற கொடூரமான கொள்ளையன் புகுந்தான். கடற்படை கார்ப்பும் கொள்ளையர் ரோஜரும் கைகோத்து அவனை வீழ்த்தினார்கள். கார்ப்புக்கு மாவீரன் என்று பெயர் கிடைத்தது. அந்தத் தீவு இப்போது இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. ராக்ஸின் முகத்தைக்கூடக் காட்டாமல் வெறும் நிழலாக வரைந்திருந்தார் ஓடா. நாமும் நம்பினோம். 2023-இல் குமா என்ற பாத்திரத்தின் கதையில் இன்னொரு முடிச்சு அவிழ்ந்தது. அந்தத் தீவில் உலக அரசின் மேல்குடிக்காரர்கள் மனிதர்களை வேட்டையாடிப் போட்டி நடத்தியிருக்கிறார்கள், சிறுவன் குமாவும் அதில் ஓர் இரை. அப்புறம்தான் 2025. ராக்ஸ் அங்கே ஓடியது பெண்டாட்டி பிள்ளையை மீட்க! அந்தக் கைக்குழந்தைதான் இன்று லூஃபியின் எதிரியான பிளாக்பியர்ட். அதைப் படித்த ராத்திரி நான் 957-ஐத் தேடி எடுத்து மறுபடி படித்தேன். சென்கோகு சொன்ன ஒவ்வொரு வரியும் வேறு மாதிரி கேட்டது.

ஷாக்கியை மறந்துவிட்டேனே. சபாவோடி தீவில் சிகரெட் ஊதிக்கொண்டு மதுக்கடை நடத்துவாரே, அந்த அம்மாள். அவரை அந்தப் போட்டியில் பரிசுப் பொருளாக வைத்துவிட்டார்கள் என்று கேட்டதும், உலகத்தையே நடுங்க வைத்த கொள்ளையர்கள் எல்லாம் கப்பலைத் திருப்பிக்கொண்டு வருகிறார்கள். பாதிப் பேருக்கு அவர் மேல் காதல். சரித்திரத்தின் மாபெரும் போர் இப்படியா தொடங்கியது என்று சிரித்து முடிப்பதற்குள் அடுத்த பக்கத்தில் பிணங்கள். இந்த வித்தை ஓடாவுக்கு மட்டும்தான் வரும்.

எங்கள் ஊர்க்காரனுக்கு இது வேறு இடத்திலும் தைக்கிறது. தருமபுரி அகழ்வைப்பகத்துக்கு சேலம் நண்பர் ஒரு நடை வரட்டும். உள்ளே நடுகற்கள் இருக்கின்றன. வில்லோ வாளோ ஏந்தி நிற்கும் ஆள், சில கற்களில் காலடியில் மாடுகள், மேலே வட்டெழுத்தில் யார் காலத்தில் எந்த ஊரில் யார் மகன் பட்டான் என்று எழுத்து. தொறு மீட்டுப் பட்டவன், அதாவது களவுபோன மாடுகளை மீட்கப் போய்ச் செத்தவன், அவனுக்குக்கூட ஊர் கூடிக் கல் நட்டிருக்கிறது. ராக்ஸ் நல்லவன் இல்லை, உலகத்துக்கே ராஜாவாக வேண்டும் என்று அலைந்தவன்தான். இருந்தாலும் கடைசியில் அவன் போனது மீட்கத்தானே? அவனுக்குக் கல் நடத் தீவும் இல்லை, பெயரைச் சொல்ல ஆளும் இல்லை, மிஞ்சியது அரசாங்கம் எழுதிவைத்த கதை ஒன்றுதான். அந்தக் கதையைக் கலைத்துக் காட்ட பல மாதம் பிடித்தது என்றால், பிடிக்கட்டுமே. அப்பனைக் கொன்றவன் என்ற பழியோடு சங்கிலியில் கட்டுண்டு கிடந்த ராட்சத இளவரசன் லோகி வாயைத் திறக்கும்போது, அவன் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்க நமக்கு இந்தப் பாடம் முதலில் தேவைப்பட்டது.

ஓடா மேல் எனக்கும் குறை உண்டு. ஒரு கட்டத்துக்குள் பத்துப் பதினைந்து முகத்தை அடைத்துவிடுகிறார். போனில் இரண்டு விரலால் பெரிதாக்கினால் வசனம் தெரியும், முகம் ஓரத்துக்குப் போய்விடும். இரண்டு பக்கம் சேர்த்து விரித்து வரைந்த படமோ நடுவில் இரண்டாக வெட்டுப்படும். கார்ப்பும் ரோஜரும் தோளோடு தோள் நிற்பதையே நான் அரை அரையாகத்தான் பார்த்தேன். அடுத்து, லூஃபியின் கூட்டாளி உசோப். ராட்சதர் இருவர் நூறு வருடமாகச் சண்டை போடுவதைப் பார்த்துவிட்டு, ஒருநாள் ராட்சதர்களின் ஊரான எல்பாஃப் போவேன் என்று அவன் சொன்னது 2000 வாக்கில். கதை 2024-இல் எல்பாஃப் போய்ச் சேர்ந்தது. இத்தனை வருடம் காத்திருந்தவனுக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம். சேலம் நண்பர் இதை எழுதியிருந்தால் நானும் கீழே கையெழுத்துப் போட்டிருப்பேன்.

அடிக்கடி லீவு விடுகிறார் என்பதை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். 22 வயதில், 1997 ஜூலையில் தொடங்கியவர் ஐம்பதைத் தாண்டிவிட்டார். 2023-இல் கண் ஆபரேஷனுக்காக நான்கு வாரம் நிறுத்தினார். ‘ஷோனென் ஜம்ப்’ வார இதழில் ஒரு தபால் அட்டை வைத்திருப்பார்கள். பிடித்த கதைகளை வாசகர் அதில் குறித்து அனுப்ப வேண்டும், ஓட்டுக் குறைந்த தொடரை மூட்டை கட்டிவிடுவார்கள். அந்த அட்டைகளுக்கு முன்னால் வாராவாரம் இத்தனை காலம் நிற்பது விளையாட்டா? “மாமா, இந்த வாரம் பிரேக்காம்” என்று அக்கா மகன் போன் செய்தால், தூங்கட்டும் மனுஷன் என்றுதான் சொல்வேன்.

கடைசியாக, உங்களிடமே ஒரு புகார். அதே இணைப்பில் ‘இந்த வார மங்கா’ என்ற கட்டத்தில், ஞாயிற்றுக்கிழமை வரவேண்டிய அத்தியாயத்தின் முடிவை வெள்ளிக்கிழமையே அச்சடித்திருந்தீர்கள். கடைக்கு வரும் அச்சுக்கட்டிலிருந்து யாரோ திருட்டுத்தனமாகப் படம் எடுத்து வாரத்தின் நடுவிலேயே பரப்பிவிடுகிறார்கள். உங்கள் நிருபருக்குக் கிடைத்ததும் அதுவாகத்தான் இருக்க வேண்டும். இதே வேலைக்காக 2024-இல் ஜப்பானில் போலீஸ் சிலரைக் கைது செய்திருக்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். இலவசமாக, முறையாக, இரண்டே நாளில் வரப்போவதை முந்திச் சொல்லி யாருக்கு என்ன லாபம்? வசூல் பண்ணிய சினிமாவுக்கு விமர்சனம் எழுதும்போது கிளைமாக்ஸை மறைத்து எழுதத் தெரிகிற உங்களுக்கு இது தெரியாதா? என் கடையில் அந்தப் படங்களை பென் டிரைவில் கொண்டுவந்து பிரிண்ட் கேட்டால் திருப்பி அனுப்பிவிடுகிறேன். பையன்கள் முறைப்பார்கள், அடுத்த நாள் ஹால் டிக்கெட் எடுக்க வந்துதானே ஆக வேண்டும்.

அந்தக் கட்டத்தை இணைப்பிலிருந்து எடுத்து, செவ்வாய்க்கிழமை நாளிதழில் போடுங்கள். இடம் இருந்தால் சேலம் நண்பரின் பதிலையும் அதன் பக்கத்திலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.