அம்மா ஏற வேண்டிய வண்டி

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் நால்வரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்பதை அடுத்த முறை அவரையே போனில் சொல்லச் சொல்லுங்கள். உங்களிடம் கேட்டால் "பரவாயில்லை" என்ற ஒரே பதில்தான் வருகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை, "நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஏழு பேர் உட்காரும் வண்டி எதற்கு? அதிலும் சொகுசு வண்டி எதற்கு?" என்று கேட்டீர்கள். பிள்ளைகளின் சத்தத்தில் என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவருக்கு அரைகுறையாகப் பதில் சொல்லக் கூடாது. எல்லோரும் தூங்கிவிட்டார்கள்; இப்போது நிதானமாக எழுதுகிறேன்.

கனடாவில் நாங்கள் இருக்கும் பகுதியில் வண்டி இல்லாமல் அன்றாட வேலை எதுவும் நடக்காது. என் வேலைக்குப் போக ஐம்பது கிலோமீட்டர், வர ஐம்பது கிலோமீட்டர். குழந்தைகள் மருத்துவரிடம் போக வேண்டுமென்றாலும் நெடுஞ்சாலையில் ஏறித்தான் இறங்க வேண்டும். டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது. இந்தக் குளிர்காலத்தில் ஒரு நாள் காலை மைனஸ் 27 டிகிரி. கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டி முடிப்பதற்குள், கையுறை போட்டிருந்தும் விரல் நுனிகள் மரத்துப்போயின. இப்போது வைத்திருக்கும் சின்ன காருக்குப் பதினொரு வயது. சாலையில் பனி உருகுவதற்காகத் தூவும் உப்பு அதன் கதவு அடியை அரித்துவிட்டது. அதை மாற்றியே ஆக வேண்டும். இதில் எனக்கும் உங்கள் மருமகளுக்கும் கருத்து வேறுபாடே இல்லை.

ஏழு இருக்கை ஏன் என்பதற்கு வருகிறேன். சின்னவனுக்கு இன்னும் ஒரு வயதாகவில்லை. அவனுக்கான இருக்கை பின்பக்கம் பார்த்தபடிதான் பொருத்தப்பட வேண்டும். முன்னால் மோதினால் அந்த வேகத்தை அவனுடைய முதுகும் தலையும் சேர்ந்து தாங்கும், கழுத்து மட்டும் தனியாகத் தாங்க வேண்டியதில்லை என்பது அதன் காரணம். அந்த இருக்கை இடத்தை நிறையப் பிடிக்கும். பெரியவளுக்கு, சீட் பெல்ட் சரியாகப் பொருந்தும்படி உயர்த்தி உட்கார வைக்கும் இருக்கை. இந்த இரண்டையும் வைத்தால் இப்போதைய காரின் பின்னிருக்கையில் ஒரு ஆள் ஒருக்களித்துத்தான் உட்கார முடியும். நீங்களும் அம்மாவும் வரும் ஆறு மாதம் நாம் மொத்தம் ஆறு பேர். இரண்டு காரில் பிரிந்து போகும் குடும்பமாக நாம் இருக்க வேண்டாம் என்று நினைக்கிறேன்.

போன முறை நீங்கள் வந்தபோது நடந்ததை நான் மறக்கவில்லை அப்பா. விமான நிலையத்துக்கு ஒரு பெரிய வாடகை எஸ்யூவியில் வந்தேன். அம்மா ஏறுவதற்காக மேலே பிடி தேடினார், கிடைக்கவில்லை. சீட் பெல்ட் பட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, வலது காலைக் கையால் தூக்கி வைத்து ஏறினார். உள்ளே உட்கார்ந்த பிறகு பார்த்தால், கதவடியில் இருந்த உப்புச் சேறு அவருடைய சேலையின் முன்மடிப்பில் வெள்ளைக் கோடாகப் படிந்திருந்தது. "துவைத்தால் போய்விடும்" என்றார். வண்டி வாங்குவது என்ற பேச்சு எடுத்த நாளிலிருந்து எனக்கு அந்தக் கோடுதான் ஞாபகம் வருகிறது. அதனால் ஷோரூமுக்குப் போனால் நான் முதலில் ஓட்டுநர் இருக்கையில் உட்காருவதில்லை. பின்கதவைத் திறந்து, அம்மா ஏறுவதைப் போல வலது காலை மடக்காமல் ஏறிப் பார்க்கிறேன். விற்பனையாளர்கள் முன்னால் இருக்கும் பெரிய திரையைக் காட்டவே அவசரப்படுகிறார்கள். அவர்களைச் சற்று நேரம் காத்திருக்கச் சொல்லிவிடுவேன்.

அப்படி ஏறிப் பார்த்தால்தான் சில விஷயங்கள் தெரிகின்றன. சில வண்டிகளில் கதவானது, ஏறும் இடத்தின் கீழே இருக்கும் அடிச்சட்டத்தையும் சேர்த்து மூடும்படி கீழ்வரை இறங்கி வருகிறது. கதவைத் திறந்தால் கால் உரசும் இடம் சுத்தமாக இருக்கும். சேறு எல்லாம் கதவின் வெளிப்புறத்தோடு போய்விடும். சிலவற்றில் அடிச்சட்டம் வெளியே தெரியும், அகலமாகவும் இருக்கும். அதைத் தாண்டிக் காலை எட்டி வைக்க வேண்டும். விளம்பரத்தாளில் இதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. தரைக்கும் இருக்கைக்கும் உள்ள உயரமும் முக்கியம். இருக்கை இடுப்பளவில் இருந்தால் அப்படியே நகர்ந்து உட்காரலாம். அதற்கு மேலே போனால் ஏற வேண்டும், கீழே போனால் இறங்கி உட்கார்ந்து பிறகு எழ வேண்டும். முழங்காலுக்கு இரண்டுமே கெடுதல்.

இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்று நிரப்பிய ரப்பர்ப் பைகளே வண்டியைத் தாங்கும் சஸ்பென்ஷனை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, பெரிய பஸ்களில் பார்த்திருப்பீர்கள். அதே ஏற்பாடு வால்வோ எக்ஸ்சி90 வண்டியில் கூடுதல் வசதியாகக் கிடைக்கிறது. நிறுத்தியதும் வண்டி தானே சற்றுத் தாழ்ந்து கொடுக்கும். அம்மாவுக்கு இது வரம். ஆனால் நான் வண்டியைப் பத்து வருடம் வைத்திருக்கப் போகிறவன். ரப்பர்ப் பை வயதாகி வெடித்தாலும், காற்றடிக்கும் பம்ப் பழுதானாலும் செலவு பெரிதாக வரும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கிறது.

வால்வோ மீது எனக்கு மரியாதை உண்டு. இன்று உலகமெங்கும் நாம் தோளிலும் இடுப்பிலும் மாட்டிக்கொள்ளும் மூன்று புள்ளி சீட் பெல்ட்டை 1959 இல் அந்தக் கம்பெனியின் பொறியாளர் நில்ஸ் போலின் வடிவமைத்தார். அந்தக் காப்புரிமையை மற்ற கம்பெனிகளும் பயன்படுத்தத் திறந்து விட்டார்கள். எக்ஸ்சி90 இன் நடுவரிசையில் குழந்தைக்கான உயர்த்தும் மெத்தை இருக்கைக்குள்ளேயே மடங்கி இருக்கிறது. பெரியவள் பார்த்தவுடன் அதில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். இறங்க மறுத்துவிட்டாள். ஆனால் மூன்றாம் வரிசை சுமார் 170 சென்டிமீட்டர் உயரம் வரை உள்ளவர்களுக்கானது என்று கம்பெனியே சொல்கிறது. நீங்கள் ஐந்தடி பத்து அங்குலம், 178 சென்டிமீட்டர். தலை குனிந்து உட்கார வேண்டியிருக்கும். மின்சாரத்திலும் ஓடும் டி8 வகைதான் அந்த வண்டியின் சிறப்பு, ஆனால் எங்கள் அடுக்குமாடியின் வாகன நிறுத்தத்தில் சார்ஜர் இல்லை. சார்ஜ் செய்ய வழியில்லாமல் அந்தக் கனமான பேட்டரியைச் சுமந்துகொண்டு திரிவதில் அர்த்தமில்லை. முழு மின்சார வண்டியையும் இதே காரணத்தால் இப்போதைக்கு ஒதுக்கிவிட்டேன். மேலும் கடுங்குளிரில் ஒரு சார்ஜில் ஓடும் தூரம் வெகுவாகக் குறைகிறது.

அடுத்தது அக்யூரா எம்டிஎக்ஸ். இது ஹோண்டா கம்பெனியின் சொகுசுப் பிரிவு. 3.5 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சின், 290 குதிரைத்திறன். எனக்கு எஞ்சினை விட அதன் நடுவரிசைதான் பிடித்தது: மூன்று இருக்கைகளில் நடு இருக்கையை மட்டும் தனியாகக் கழற்றி எடுத்துவிடலாம். கழற்றினால் நடுவில் வழி கிடைக்கிறது. மூன்றாம் வரிசைக்குப் போக எந்த இருக்கையையும் மடக்க வேண்டியதில்லை. சின்னவனுடைய இருக்கையைப் பொருத்திய பிறகு அதை அசைப்பது எவ்வளவு சிரமம் என்று உங்கள் மருமகளைக் கேட்டால் தெரியும். நீங்கள் ஊர் திரும்பிய பிறகு நடு இருக்கையை மறுபடி மாட்டிவிடலாம்.

மூன்றாவது, டொயோட்டாவின் சொகுசுப் பிரிவான லெக்ஸஸின் டிஎக்ஸ். 2023 இல் அறிமுகமானது. வட அமெரிக்கக் குடும்பங்களை மனத்தில் வைத்தே செய்த வண்டி. மூன்றாம் வரிசையில் நான் உட்கார்ந்தேன். முழங்கால் முன்னிருக்கையில் இடிக்கவில்லை, தொடையும் மெத்தையில் படிந்திருந்தது. பல வண்டிகளின் கடைசி வரிசையில் தரை உயர்ந்திருப்பதால் தொடை தூக்கிக்கொண்டு குந்தியதைப் போல இருக்கும். இதில் அப்படி இல்லை. மூன்று வரிசையும் நிமிர்ந்திருக்கும்போதே பின்னால் ஏறத்தாழ 570 லிட்டர் இடம் இருக்கிறது. உங்கள் இரண்டு பெட்டிகளும் அம்மாவின் கைப்பையும் நிற்கும். இதன் அடிப்படை அமைப்பு டொயோட்டா கிராண்ட் ஹைலேண்டருடையது. அப்படியானால் கூடுதல் பணம் எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அதைத்தான் பல இரவுகள் யோசித்தேன். கிடைப்பது அமைதி. தடித்த கண்ணாடி, நல்ல மெத்தை, சாலை இரைச்சல் உள்ளே வராத கட்டுமானம். தினம் நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவனுக்கு அது வேண்டாத ஆடம்பரம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு நல்ல வண்டி வைத்திருக்க வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இருக்கிறது அப்பா, அதை உங்களிடம் மறைக்கவில்லை.

இதே டிஎக்ஸில் 500எச் என்ற, பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் வகை இருக்கிறது. வெளியே சார்ஜ் செய்ய வேண்டாம், 366 குதிரைத்திறன், ஆறு இருக்கை. எல்லாம் நமக்காகவே செய்ததைப் போல இருந்தது, சக்கரத்தைப் பார்க்கும் வரை. 22 அங்குலச் சக்கரம்! அழகாக இருக்கிறதுதான். ஆனால் சக்கரம் பெரிதாகப் பெரிதாக டயரின் பக்கச்சுவர் மெலிந்துபோகிறது. இங்கே மார்ச் மாதத்தில் சாலை விரிசல்களுக்குள் இறங்கிய நீர் இரவில் உறைந்து, பகலில் உருகி, தாரைப் பெயர்த்துக் குழியாக்கிவிடும். அந்தக் குழியில் மெல்லிய டயர் இறங்கினால் ரிம் வளையும், அதிர்ச்சி நேராக இடுப்புக்கு வரும். பக்கச்சுவர் உயரமான டயரே பாதி சஸ்பென்ஷன் என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். அதனால் 20 அங்குலச் சக்கரத்தோடு வரும் சாதாரண பெட்ரோல் வகையான டிஎக்ஸ் 350 போதும் என்று மனம் சொல்கிறது.

டயர் என்றதும் இன்னொன்று. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி வாங்கினால் பனியில் கவலையில்லை என்று இங்கே பலர் நம்புகிறார்கள். வண்டி கிளம்புவதற்குத்தான் அது உதவும், நிற்பதற்கு உதவாது. இந்த வண்டிகளெல்லாம் ஏறத்தாழ இரண்டு டன், சிலது அதற்கும் மேல். அந்தக் கனத்தை உறைபனியில் நிறுத்துவது டயரின் ரப்பர் மட்டும்தான். சாதாரண டயர் 7 டிகிரிக்குக் கீழே போனாலே இறுகத் தொடங்கிவிடுகிறது. கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். எங்கள் மாகாணத்தில் கட்டாயமில்லை, ஆனாலும் நான் போடாமல் இருந்ததில்லை. மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் பனிப்பூவும் பொறித்த டயராகப் பார்த்து வாங்குவேன். புது வண்டியின் கணக்கில் நான்கு ரிம்மோடு அதையும் சேர்த்தே வைத்திருக்கிறேன்.

மூன்றாம் வரிசையில் யார் உட்காருவது என்பதுதான் எனக்கு இன்னும் முடியாத கேள்வி. மோதல் சோதனைகளைப் பற்றிப் படித்தேன். அமெரிக்காவில் காப்பீட்டுக் கம்பெனிகள் நடத்தும் ஐஐஎச்எஸ் அமைப்பு, முன்மோதல் சோதனையில் ஓட்டுநருக்குப் பின்னால் இரண்டாம் வரிசையில் ஒரு சிறிய உருவப் பொம்மையை உட்கார வைத்துப் பார்க்கத் தொடங்கியதே 2022 இல்தான். மூன்றாம் வரிசையில் பொம்மை உட்கார்த்தி வைப்பதில்லை. அங்கே உட்காருபவரின் தலை பின்கண்ணாடிக்கு எவ்வளவு பக்கம் என்பதை நானே கையால் அளந்து பார்த்தேன். ஒரு வண்டியில் ஒரு சாண் கூட இல்லை. அதனால் அம்மாவும் சின்னவனும் நடுவரிசையில். பின்னால் நீங்களும் பெரியவளும். அவள் தாத்தா பக்கத்தில்தான் உட்காருவேன் என்று இப்போதே சொல்லிவிட்டாள். உங்களுக்குத் தலைக்கு மேலும் பின்னாலும் இடம் வேண்டும். அந்தக் கணக்கில் டிஎக்ஸ் முன்னால் நிற்கிறது.

மினிவேனையும் பார்த்தோம். உண்மையைச் சொன்னால், ஏறி இறங்குவதற்கு அதுதான் சிறந்தது. தரை தாழ்வு, கதவு பக்கவாட்டில் நகர்ந்து முழுதாகத் திறக்கும். டொயோட்டா சியன்னா 2021 முதல் ஹைபிரிடாக மட்டுமே வருகிறது, பெட்ரோலும் குறைவாகக் குடிக்கும். உங்கள் மருமகளுக்கு அதன் மேல்தான் கண். நான் இன்னும் டிஎக்ஸ் பக்கம் சாய்ந்திருக்கிறேன், ஆனால் அவள் சொல்வதற்கு என்னிடம் வலுவான மறுப்பு இல்லை.

ஆகையால் முடிவை அம்மாவின் முழங்காலிடமே விட்டுவிடுகிறேன். நீங்கள் ஒரு உதவி செய்ய வேண்டும். வீட்டில் எந்த நாற்காலியிலிருந்து அம்மா கையை ஊன்றாமல் எழுகிறாரோ, அதன் இருக்கை தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்று அளந்து அனுப்புங்கள். மெத்தை போட்டிருந்தால், அவர் உட்கார்ந்து அமுங்கிய பிறகு அளவெடுங்கள். படி ஏறும்போது வலது பாதத்தை வலியில்லாமல் எவ்வளவு உயரம் தூக்குகிறார் என்பதும் வேண்டும். எதற்கென்று சொல்லாதீர்கள், சொன்னால் எனக்காக இன்னும் இரண்டு அங்குலம் கூடுதலாகத் தூக்கிக் காட்டுவார்.

அளவு வந்ததும் சனிக்கிழமை டேப்பை எடுத்துக்கொண்டு எல்லா ஷோரூமுக்கும் மறுபடி போகிறேன்.

உங்கள் அன்பு மகன்