ஜன்னலைத் திறந்து வை

வடசேரி,
ஞாயிறு ராத்திரி.

அன்பு மக்களே,

இங்கே எல்லாரும் சுகம். உன் சுகத்துக்கு எழுது. பார்சல் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. கூரியர் பையன் வந்த நேரம் உங்கம்மை கோயிலுக்குப் போயிருந்தா. நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். மேல்தாளைக் கிழியாமப் பிரிச்சு, மடிச்சு, பட்டறை இழுப்பறைக்குள்ள வச்சிருக்கேன். அவ காப்பை மட்டும்தான் பார்த்தா.

மூணு காப்புல ரெண்டு அருமை. ஓரம் மடிச்சுப் பள்ளம் விட்ட அந்தப் பித்தளைக் காப்பைக் கையில் எடுத்தவன் அரைமணி நேரம் கீழே வைக்கல. பச்சையில் சிவப்பு மாங்காய் வரிசை. கெம்புக்கல்லு பதிச்சதுன்னு தூரத்துல பார்த்தா நானே ஏமாந்திருப்பேன். பக்கத்து வீட்டுப் பையன் போன்ல படம் போட்டுக் காட்டினான், இதை எப்படிச் செய்றாங்கன்னு. பாலிமர் கிளேன்னு சொல்ற இந்த மண்ணை நிறம் நிறமா உருட்டி, அடுக்கி, தடியா ஒரு கட்டை பண்ணி, அதை அமுக்கி அமுக்கி இழுத்து விரல் தண்டிக்குக் கொண்டுவந்து, குறுக்கே சீவுறது. வாழைத்தண்டை எங்கே நறுக்கினாலும் அதே வளையம் தெரியுற மாதிரி, எந்தச் சீவல்லயும் அதே மாங்காய். சீவுறதுக்கு முன்னால கட்டையை ஆறவிட்டியா? சூட்டோட சீவினா அமுங்கிப் போகும்னு அதுல சொன்னான். ஒரு மாங்காய்கூட அமுங்கல. அரிசி அளவுப் பூவில் அஞ்சு இதழ் எண்ணினேன். நாற்பத்தாறு வருஷம் ராக்கொடியும் சூரியபிரபையும்னு தலைநகை பண்ணின கண்ணு சொல்லுது, கேட்டுக்கோ.

ஆனா அந்தச் சப்பைக் காப்பு. அதைச் சொல்லாம இருக்க முடியாது. உங்கம்மை ரெண்டு பக்கமும் பிடிச்சு அகட்டி மாட்டப் போனா. டப்புன்னு ஒரு சத்தம். இலையில் இருந்து கொழுக்கட்டை வர்ற மாதிரி, மண்ணு ஒரே பட்டையா உரிஞ்சு தனியா வந்துட்டு. "பிள்ள செஞ்சது என் கை பட்டதும் போச்சே"ன்னு ராத்திரி வரைக்கும் ஒரே புலம்பல். அவ மேல தப்பில்ல. தப்பு உன் மேலதான்.

லென்ஸை மாட்டிப் பார்த்தேன். உரிஞ்ச பட்டையோட அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கு. அப்படின்னா அது தகட்டைப் பிடிக்கவே இல்ல, சும்மா மேல உட்கார்ந்திருந்திருக்கு. கடையில வாங்கின வெறுங்காப்பைப் பளபளப்போட அப்படியே எடுத்து மண்ணை அப்பியிருக்க. பள்ளக் காப்புல ரெண்டு ஓரமும் அணைச்சுப் பிடிச்சுக்கிடும், அதனால அது தப்பிச்சுது. சப்பைத் தகட்டில் அணைக்க என்ன இருக்கு? 220 நம்பர் உப்புத்தாளை வச்சு குறுக்கும் நெடுக்குமா கோடு விழணும். பளபளப்பு செத்துப் போகணும். அப்புறம் சோப்பு போட்டுக் கழுவி, ஸ்பிரிட் தொட்டுத் துடைச்சு, விரல் படாம ஓரத்தைப் பிடிச்சு எடு. விரல்ல இருக்கிற எண்ணெய் போதும் எல்லாத்தையும் கெடுக்க. அதுக்கு மேல அந்தத் திரவ மண்ணை மெல்லிசா ஒரு பூச்சு. அப்புறம்தான் உன் சீவல். தேய்க்காம எதுவும் பிடிக்காது மக்களே.

வளைக்கிறதும் அப்படித்தான். மணிக்கட்டு அளவுக்குத் தகட்டை முதல்ல வளைச்சு முடி, பிறகு மண்ணை வை, வளைவோடயே ஓவன் அடுப்புக்குப் போகட்டும். வெந்தபிறகு வளைக்கிற வேலை வச்சுக்காதே. வாங்குறவங்களுக்கு ஒரு சின்னச் சீட்டு எழுதி வை: அகட்டக்கூடாது, மணிக்கட்டோட ஓரப் பக்கமாச் சாய்ச்சு நுழைக்கணும்னு. உங்கம்மைக்குச் சொல்லாதது நம்ம தப்பு.

இப்ப ஒரு கூத்து சொல்றேன், சிரிக்காதே. அக்கா மகனுக்குன்னு நீ வச்சிருந்த மண் பாக்கெட்டில் ஒரு கிள்ளு எடுத்து, உருட்டி, பழைய செப்புத்தகட்டில் அப்பி, என் குமுட்டியில வச்சேன். வெள்ளி உருக 962 டிகிரி. இது 130லயே வெந்துடும்னு பாக்கெட்டில் போட்டிருக்கு. இன்னொரு கம்பெனி மண்ணுக்கு 110தான்னு அந்தப் பையன் சொன்னான். சூட்டை நிறத்தை வச்சே சொல்றவன் நான், இதென்ன பிரமாதம்னு நினைச்சேன். 130 டிகிரிக்கு நிறம் ஏது! ரெண்டு நிமிஷத்துல பழுப்பாச்சு, அப்புறம் கருவாடு மாதிரி கருகிட்டு, ஒரு புகை. கண்ணு, மூக்கு, தொண்டை எல்லாம் எரிஞ்சுது. உங்கம்மை வீட்டை விட்டே வெளியே போயிட்டா.

பையன்கிட்ட கேட்டப்போதான் விஷயம் தெரிஞ்சுது. அது மண்ணே கிடையாதாமே. நம்ம தண்ணிக் குழாய் இருக்கே, அதே பிவிசியோட தூள், இளகுறதுக்கு ஒரு எண்ணெய் சேர்த்தது. அளவோட வெந்தா ஒண்ணும் இல்ல. கருகினா உப்புத் திராவகப் புகை வரும். திராவகப் புகை என்ன பண்ணும்னு தாத்தா இருமினதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு நான் சொல்ல வேண்டாம். அதனால கேக்குறேன், அந்த அறைக்கு ஜன்னல் இருக்கா? இருந்தா திறக்குமா, இல்ல கண்ணாடி அடைச்சதா? அடுப்பு எரியுற நேரம் முழுக்க ஜன்னல் திறந்திருக்கணும். மழைன்னாலும் சரி. பக்கத்து அறைக்காரங்க வாடைன்னு சொன்னா அவங்களுக்கும் ஒரு காப்பு குடு.

அடுப்புல திருகி வைக்கிற நம்பரை நம்பாதே. அது 130ன்னு காட்டும், உள்ளே 160 இருக்கும், இல்ல 100 இருக்கும். உள்ளேயே வைக்கிற வெப்பமானி தனியா விக்குது, ஒண்ணு வாங்கு. காப்புக்கு மேல அலுமினியத் தாளைக் கூடாரம் மாதிரி மூடு. பயந்துகிட்டு சீக்கிரம் எடுத்துடாதே, சரியா வேகாததுதான் பிஸ்கட் மாதிரி உடையும். நல்லா வெந்தது மெல்லிசா இருந்தா கொஞ்சம் வளைஞ்சு குடுக்கும். அந்த அடுப்புல சமைக்கக் கூடாது. இந்த வேலைக்குன்னு வச்ச கத்தி, தட்டு எதுவும் சாப்பாட்டுப் பக்கம் போகக் கூடாது. நீ இப்ப எங்கே சாப்பிடுற? மெஸ்ஸா?

உங்கம்மைக்குச் சர்க்கரை பரவாயில்ல. அத்தை வீட்டுக் கிணறு இடிஞ்சுது, ஆளுக்கு ஒண்ணும் இல்ல. அக்கா வைகாசியில வர்றா.

ஆறு மாசமா நீ போன் எடுக்கல. எடுக்கலன்னு சொல்லக் கூடாது, உங்கம்மைக்கு ராத்திரி கட்டைவிரல் படம் வருது. அவ அதைப் பார்த்துட்டுத் தூங்குறா. எனக்கு அதுவும் இல்ல. காப்பு மட்டும் வருது, அதுவும் கெம்பு நிறத்துல, மாங்காய் வரிசையில. எங்கே கத்துக்கிட்ட? பட்டறைப் பக்கம் உன்னை நான் விடல. எட்டாவது படிக்கும்போது கல்லு எடுக்கிற என் சாமணத்தை எடுத்ததுக்கு அடிச்சேன், ஞாபகம் இருக்கும். பொம்பளப் பிள்ளை பட்டறையில உட்காரக் கூடாதுன்னு ஊருக்குச் சொன்ன காரணம் வேற. 63ல தங்கக் கட்டுப்பாடு வந்து, பதினாலு காரட்டுக்கு மேல நகை பண்ணக் கூடாதுன்னு ஆனப்போ தாத்தா வெற்றிலைக்கடை வாசல்ல உட்கார்ந்த கதை உனக்குத் தெரியும். நம்ம பிள்ளைங்க கை இதைத் தொடவே கூடாதுன்னு எனக்கொரு வெறி. படிக்க வச்சேன், கல்யாணம் பண்ணி வச்சேன். நீ பட்டறைச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்னு பார்த்துகிட்டு இருந்திருக்க. உன் சீவல்ல தெரியுது.

அந்தப் பையன் இன்னொண்ணும் வாசிச்சுச் சொன்னான். ஜெர்மனியில கேத்தே குரூசேன்னு ஒரு பொம்மைக்காரி. 1939 வாக்குல பொம்மைத் தலை பண்ண இந்த மாதிரி ஒரு மண்ணை எடுத்துப் பார்த்து, இது சரிப்படாதுன்னு விட்டுட்டாளாம். அதை மகள்காரி எடுத்துக்கிட்டா. வீட்டுல அவளை ஃபிஃபின்னு கூப்பிடுவாங்களாம். அந்தப் பேர்ல இருந்துதான் ஃபிமோன்னு இப்ப விக்குற மண்ணுக்குப் பேரே வந்துச்சு. கேட்டுட்டு நான் ஒண்ணும் சொல்லல. எழுந்து போய் விளக்கை அணைச்சேன்.

மேலே உப்புத்தாள் பத்தி எழுதினேன்ல, தேய்க்காம எதுவும் பிடிக்காதுன்னு. அதை நேத்தே எழுதிட்டேன். எழுதினதும் பேனாவை மூடி வச்சுட்டேன். இதே வார்த்தையை உங்கிட்ட ஒரு தடவை சொல்லியிருக்கேன்.

தலை ஆடிக்கு வந்தவ நீ, ஆவணி பிறந்து பன்னிரண்டு நாளாகியும் கிளம்பல. நான் ஒரு ஒட்டியாணத்துக்குக் கல்லு பதிச்சுகிட்டு இருந்தேன், மறுநாள் குடுக்க வேண்டியது, அரக்கு சூடா இருந்துது. நீ வாசப்படியில வந்து நின்னு, "எனக்கு அங்கே முடியலப்பா"ன்னு சொன்ன. நான் தலையைத் தூக்கல. அரக்கு ஆறிடும்னு தூக்கல. "புதுத் தகடு அப்படித்தான் இருக்கும், தேய்ச்சாத்தான் பிடிக்கும்"னு சொன்னேன். தகடுன்னு யாரைச் சொன்னேன், எதைத் தேய்க்கச் சொன்னேன், எனக்கே தெரியாது. அன்னைக்கு அது பெரிய வார்த்தை மாதிரி இருந்துது. மறுநாள் ஐலண்ட் எக்ஸ்பிரஸுக்கு நானே போய் டிக்கெட் எடுத்தேன். ரெண்டு கிலோ ஏத்தங்காய் வத்தல் வாங்கிக் குடுத்தேன், மாப்பிள்ளைக்குப் பிடிக்கும்னு. உனக்கு என்ன முடியலன்னு கேட்கல. ஊர் என்ன கேட்கும்கிறதைத்தான் யோசிச்சேன். உங்கம்மை ஸ்டேஷன்ல அழுதா, அதுக்கும் அவளைத் திட்டினேன்.

இப்பவும் கேட்கல. கேட்கிற யோக்கியதை எனக்கு இருக்குதான்னு தெரியல.

சரி. சப்பைக் காப்பைச் சரிபண்ண வழி இருக்கு. பட்டை உடையாம முழுசா இருக்குறதால, தகட்டையும் பட்டையோட அடியையும் தேய்ச்சுட்டு, ரெண்டு குழாய்ப் பசை வருதே, அரால்டைட், அதைச் சரிக்குச் சரி கலந்து ஒட்டினேன். ஒட்டித் துணியால சுத்தி ஒரு ராத்திரி முழுக்க விட்டேன். இப்ப பிடிச்சிருக்கு. உங்கம்மை போட்டுகிட்டுத்தான் திரியுறா. ஃபெவிக்விக் வேண்டாம். காய்ஞ்சா மொடமொடன்னு ஆகிடும், தகடு கொஞ்சம் நெளிஞ்சாலே விட்டுடும். மூணாவது காப்பு அத்தைக்குக் குடுத்தோம். அவளுக்கு மணிக்கட்டுல தடிப்பு வந்து கழட்டி வச்சுட்டா. தகட்டில் நிக்கல் இருந்திருக்கணும். வாங்கும்போது நிக்கல் இல்லாததான்னு கேட்டு வாங்கு. பித்தளையில வேர்வை பட்டுப் பச்சை பிடிச்சா அது வேற, புளி போட்டா போகும். மண்ணுல புளி படாம உள்பக்கத்தை மட்டும் தேய்க்கணும்.

காப்பு ஒண்ணுக்கு நானூத்தம்பதுன்னு சீட்டு ஒட்டியிருக்க. கூலியைக் கணக்குல சேர்த்தியா, இல்ல சாமான் விலை மட்டுமா? மாங்காய்க் காப்பு எத்தனை நாள் வேலைன்னு எனக்குத் தெரியும். விடுதிக்கே மாசம் எவ்வளவு குடுக்கணும்? எழுதி அனுப்பு. எனக்குக் கணக்கு பார்க்கத் தெரியும். சீட்டுப் பணம் தை மாசம் எடுத்தேன், அது அப்படியேதான் இருக்கு. உங்கம்மைக்கு அதுல வேலை ஒண்ணும் இல்ல.

இங்கே பட்டறையில வடக்கு ஜன்னல் பக்கம் மேசை சும்மாத்தான் கிடக்கு. காலையில நல்ல வெளிச்சம் வரும். ஐப்பசியில மழை அடிச்சா உள்ளே சாரல் வரும், மத்தபடி ஒண்ணும் குறை இல்ல. சும்மா சொன்னேன்.

இந்தக் கடிதத்தை எந்த விலாசத்துக்குப் போடுறதுன்னு ரெண்டு நாள் யோசிச்சேன். பழையதுக்குப் போட்டா யாரு கையில போய்ச் சேரும்னு தெரியல. பார்சல் மேல்தாள்ல நீ எழுதியிருந்ததுக்கே போடுறேன். மூணாவது மாடின்னு போட்டிருக்கு. மூணாவது மாடின்னா காத்து வரும்தான். ஜன்னலைத் திறந்து வை.

அப்பா

பி.கு. கூடவே ஒரு அரைவட்ட அரமும் சாமணமும் வச்சிருக்கேன். எந்தச் சாமணம்னு உனக்குத் தெரியும். காப்போட உள்வளைவுல பிசிறு இருக்கு, அதுக்கு அரத்தோட வட்டப் பக்கம்தான் போகணும். தள்ளும்போது மட்டும் அழுத்து, திரும்பி இழுக்கும்போது தூக்கிடு. அரத்தைத் தண்ணியில கழுவிடாதே. பித்தளை பிரஷ் இருந்தா பல்லோட போக்குலயே தட்டி விட்டாப் போதும்.