கண்ணுக்கு என்ன வைப்பது என்று கேட்டாய்

அக்கா,

“அளவு அனுப்பு. கண்ணுக்கு என்ன வைக்கிறே?”

இரண்டு வருஷம் கழித்து உன்னிடமிருந்து வந்தது இவ்வளவுதான். உன் சின்னவன் நச்சரித்திருப்பான், தெரியும். வாட்ஸ்அப்பில் பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுகொண்டே போனது. நீளமாக வந்தால் நீ திறக்கவே மாட்டாய். இங்கேயும் நாலைந்து பேர், ஹாலோவீனுக்கு நான் நவம்பர் 2 காலையில் செய்கிற பேய் இட்லிப் பலகாரத்துக்கு அளவு கேட்டிருந்தார்கள். ஆகவே ஊருக்கும் சேர்த்து உனக்கு எழுதுகிறேன். நாலு பேர் படிப்பார்கள் என்று தெரிந்தே எழுதுவதால் சில இடங்களில் பாதியில் நிறுத்துவேன். மீதி உனக்குத் தெரியும்.

முதலில் மாவு. ஆறு பிள்ளைகளுக்கு இரண்டு கப் புழுங்கல் அரிசி, அரை கப் முழு உளுந்து, கால் கப் அவல், அரைத் தேக்கரண்டி வெந்தயம். அரிசி 5 மணி நேரம் ஊறட்டும். உளுந்துக்கும் வெந்தயத்துக்கும் 3 மணி நேரம் போதும். அவலை அரைக்கிறதுக்குப் பத்து நிமிஷம் முன்னால் நனைத்தால் சரி. மிக்சியில் அரைப்பதானால் உளுந்துக்கு ஐஸ் தண்ணீர் தெளி, சூடேறின உளுந்து சரியாகப் பொங்காது. அரிசியை ரவைப் பதத்தில் நிறுத்திவிடு. வழக்கமான இட்லி மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாக, கரண்டியிலிருந்து சரிந்து விழுகிற மாதிரி இருக்க வேண்டும். வழிந்தால் பேய் நிமிர்ந்து நிற்காது.

இங்கே மொரீஷியஸில், க்யூர்பிப் மேட்டில், நவம்பரிலும் ராத்திரி குளிர்கிறது. எனக்குப் பொங்க 14 மணி நேரம் ஆகும், ஓவனில் விளக்கை மட்டும் போட்டு உள்ளே வைக்கிறேன். மாஏபூரில் உனக்கு அந்தப் பாடு இல்லை. கடல் வெக்கைக்கு 8 மணி நேரம் போதும், அதனால் மதியமே அரைத்து வைத்துவிடாதே. விடிவதற்குள் ஏறி இறங்கிப் புளித்துப்போகும். ராத்திரி பத்து மணிக்கு அரை. நீ எதையும் முன்கூட்டியே முடித்துவைக்கிற ஆள் என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்தது டம்ளர். 150 மில்லி பிடிக்கிற எவர்சில்வர் டம்ளர், அடி குறுகி வாய் அகன்றதாகப் பார்த்து எடு. கவிழ்த்தால் குறுகின அடி தலையாகும், அகன்ற வாய் போர்வை மாதிரி விரியும். எல்லோரும் இந்த யோசனையைப் புகழ்கிறார்கள். நான் டம்ளரில் ஊற்ற ஆரம்பித்தது கலை ஆசையில் இல்லை. இட்லிப் பானை எந்த வீட்டில் இருக்கிறது என்பதை இங்கே எழுத மாட்டேன்.

உள்ளே நல்லெண்ணெய் தடவி, அடியில் வாழையிலையை வட்டமாக வெட்டிப் போடு. அது இல்லாவிட்டால் உச்சந்தலை டம்ளரிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். முக்கால் அளவுக்கு மேல் மாவு ஊற்றாதே. ஆவியில் 18 முதல் 20 நிமிஷம். மூடிக்குத் துணி கட்டு. மூடியில் கோத்த நீர் சொட்டினால் டம்ளர் வாயில்தான் விழும், கவிழ்த்தால் அதுதான் பேயின் கால்மாடு. அது ஈரமானால் பேய் குடிகாரன் மாதிரி சாயும். வெந்ததும் ஐந்து நிமிஷம் ஆறவிட்டு, ஈரக் கத்தியைச் சுற்றிவர விட்டுக் கவிழ். மேலே உப்பியிருக்கும் பகுதியை முதலில் நூலால் தட்டையாகச் சீவிவிடு, அப்போதுதான் தட்டில் நிலையாக நிற்கும். இந்த அளவுக்குப் பத்துப் பன்னிரண்டு பேய் வரும்.

கண்ணுக்குக் கடைசியில் வருகிறேன்.

சிலந்தி வலைக்குத் தோசை மாவு. மூக்கு 3 மில்லிமீட்டர் இருக்கிற சாஸ் பாட்டிலில் மாவை ஊற்றிக்கொள். ஒரு கப் மாவுக்கு இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர். கல் மிதமாகத்தான் காய வேண்டும், அதிகம் காய்ந்தால் கோடு போடும்போதே மாவு சுருண்டு பாட்டில் மூக்கோடு வந்துவிடும். முதலில் நடுவிலிருந்து எட்டுக் கோடு, பிறகு உள்ளிருந்து வெளியே வளைவுகள். வளைவு நடுப்பக்கமாகக் குழிந்திருந்தால்தான் வலை, வெளியே வளைத்தால் பூவாகிவிடும். மூடி ஒரு நிமிஷம். திருப்பிப் போடாதே.

சிலந்திக்கு காத்தோ பிமா, நம் தீவின் பருப்பு வடை. 250 கிராம் கடலைப்பருப்பு, 4 மணி நேர ஊறல். தண்ணீரை ஒட்ட வடித்து, தண்ணீர் சேர்க்காமல் கரகரப்பாக அரைத்து வெங்காயத்தாள், கொத்தமல்லி, சீரகம், உப்பு சேர். மிளகாயைப் பெரியவர்கள் பங்கில் மட்டும் போடு. மாவு மைய அரைபட்டால் கல் மாதிரி ஆகும், ஈரம் நின்றால் எண்ணெயில் உதிரும். கால்களுக்குக் காரட்டைத் தீக்குச்சி பருமனில் வெட்டிக்கொள். பொரிக்கிற முன் செருகினால் கருகும், ஆறினபின் செருகினால் வடை பிளக்கும். எண்ணெயிலிருந்து எடுத்த சூட்டிலேயே பல்குத்தும் குச்சியால் பக்கத்துக்கு நாலு துளை போட்டு வை, கால்களை மேசையில் பிள்ளைகள் செருகட்டும். மிஞ்சின காத்தோவை வெண்ணெய் தடவின ரொட்டிக்குள் வைத்துக் கொடு. பேய் பார்த்துப் பயந்து சாப்பிடாத பெரியவர்களும் உண்டு.

மஞ்சள் பூசணிப் பூரியில் கண் மூக்கு வெட்டலாம் என்று உனக்குத் தோன்றும். வேண்டாம். வெட்டின இடத்தில் ஆவி போய்விடும், பூரி எழும்பாது, எண்ணெயைக் குடித்துவிட்டுப் படுக்கும்.

இரத்தத்துக்குத் தக்காளிச் சத்தினிதான். நன்றாகப் பழுத்த நாலு பொம்தாமூரை வேகவைத்துத் தோலெடுத்து அரைத்து வடிகட்டு, ஒரு மேசைக்கரண்டி பீட்ரூட் சாறு சேர். பீட்ரூட்டை அடுப்பில் கொதிக்கவிட்டால் நிறம் பழுப்பாகும். இறக்கினபின் சேர்த்து எலுமிச்சை பிழிந்தால் சிவப்பு நிற்கும். தட்டில் பேயின் காலடியில் ஊற்று, தலையில் ஊற்றாதே. பத்து நிமிஷத்தில் இட்லி சாற்றை உறிஞ்சி ரோஜா நிறமாகிவிடும், பிறகு அது பேயாக இருக்காது, பிறந்தநாள் கேக் மாதிரி இருக்கும்.

கறுப்பு நிறத்துக்கு இணையத்தில் பலரும் கரித்தூள் சொல்கிறார்கள். நம் வீட்டு மேசைக்கு அது ஆகாது. வயிற்றில் மருந்தையும் சேர்த்துப் பிடித்துவைக்கும், மாத்திரை வேலை செய்யாது. அத்தான் காலையில் மாத்திரை போடுகிறார். எதற்கு என்று இங்கே எழுதவில்லை. கறுப்புக்குப் பதில் கேழ்வரகு போதும்.

அதில்தான் துனி மின்வி என்கிற நம் தீவுப் பேயைச் செய்கிறேன். பேய் என்றாலே வெள்ளைக்காரன் சரக்கு என்று நீ சொன்னாயே, 1994 பிப்ரவரியை மறந்துவிட்டாயா? ஒல்லாந்தா புயல் அடித்து, கரண்ட் இல்லாமல் கிடந்த அந்த ராத்திரிகளில், உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக்கொண்டு ஒருத்தன் துணியில்லாமல் கூரைக்குக் கூரை தாவுகிறான் என்று தீவே கதவைச் சாத்திக்கொண்டது. ஒரு கப் கேழ்வரகு மாவு, கால் கப் அரிசி மாவு, இரண்டு கரண்டி இட்லி மாவு, தோசைப் பதத்துக்குத் தண்ணீர், உப்பு. பாட்டிலால் ஆள் உருவம் வரைந்து, ஓரம் உறைந்ததும் உள்ளே நிரப்பு. வெந்ததும் மேலே நல்லெண்ணெய் தடவு, பளபளக்க வேண்டும். துணி இல்லாததால் அலங்கார வேலை மிச்சம்.

அலூதா என்கிற குளிர்ந்த பால் பானத்துக்கு ராத்திரியே கடற்பாசி காய்ச்சிக் குளிரவிட்டுத் துருவிக்கொள். காலையில் சப்ஜா விதை ஒரு தேக்கரண்டியை அரை கப் தண்ணீரில் இருபது நிமிஷம் ஊறவை, தவளை முட்டைதான். லிச்சி கிடைத்தால் கொட்டையெடுத்துக் கறுப்புத் திராட்சை செருகு, பிடுங்கின விழி மாதிரி இருக்கும். அந்த வாரம் லிச்சி வந்திருந்தாலும் விலை நெருப்பு, டின்னில் வருவதே போதும். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு விழி வேண்டாம். திராட்சையை முழுசாகக் கொடுத்தால் தொண்டையில் அடைக்கும், நீளவாக்கில் நாலாக வெட்டித் தனியாகக் கொடு.

இப்போது கண்.

அன்று நான் வைத்தது கறுப்பு எள். லேசாக வறுத்து, ஈரக் குச்சி நுனியில் தொட்டு எடுத்து, இரண்டிரண்டாக. சாயம் இறங்காது, பல்லில் உறுத்தாது, ஒட்டினால் விழாது. பலகாரக்காரியாக மட்டும் பார்த்தால் எள்ளை மிஞ்ச ஒன்றும் இல்லை. நீ வாசற்படியில் நின்று தட்டைப் பார்த்தாய். ஒன்றும் பேசவில்லை. வந்து உட்கார்ந்து, ஒரு பேயை எடுத்துக் கட்டைவிரலால் இரண்டு கண்ணையும் துடைத்தாய். எள் விரலில் ஒட்டிக்கொண்டது. எழுந்து போய்க் குழாயில் கழுவிவிட்டு வந்து, அந்தக் கண்ணில்லாத இட்லியைச் சத்தினி தொடாமல் தின்றாய். “அம்மா பேயைக் குருடாக்கிட்டா” என்று சின்னவன் சிரித்தான். நானும் சிரித்தேன்.

வெள்ளை உருண்டையில் கறுப்பு எள். அதுவும் வருஷம் திரும்பாத வீட்டில். அது எனக்கு உறைக்க நாலு நாள் ஆனது, அக்கா. பதினாறாம் நாள் சோறு வடித்து எள் எடுத்துக் கொடுத்தது நீ, நான் இல்லை. நான் இல்லாததற்குக் காரணம் இருந்தது, அதையும் இங்கே எழுத முடியாது. ஆனால் எள்ளைப் பார்த்ததும் உனக்கு என்ன தோன்றியிருக்கும் என்று அடுப்படியில் நின்றபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். சிரித்ததற்கும்.

பேய்க்கு மட்டும் கேட்க மாட்டேன். “கப்பலில் வந்து இறங்கினவர்கள் நாளில் பேய் விளையாட்டா” என்று நீ அண்ணியிடம் சொன்னது என் காதுக்கு வந்தது. 1834 நவம்பர் 2, ஒப்பந்தக் கூலிகளை இங்கே கொண்டுவந்த அட்லஸ் கப்பல், எல்லாம் எனக்கும் தெரியும், அன்றைக்கே கல்லறைத் திருநாள் என்பதும் தெரியும். ஹாலோவீன் அன்று, அக்டோபர் 31ஆம் தேதி, எல்லோருக்கும் பள்ளியும் வேலையும் இருந்தால், நவம்பர் 1 ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம்தான் விடுமுறை என்றால், குடும்பம் ஒன்றாக உட்கார 2ஆம் தேதியை விட்டால் வேறு காலை எது? பரணி பாட்டில் நம் பேய்கள் யானைக் கொம்பால் பல் விளக்கி, போர்க்களத்திலேயே அடுப்பு மூட்டிக் கூழ் காய்ச்சும். காரைக்கால் அம்மையார் தன்னையே பேய் என்று பாடிவைத்தார். பசியோடு வருகிறவர்களுக்கு நம் வீட்டில் காலைப் பலகாரம் கிடையாதா? நீ இதை என்னிடமே கேட்டிருக்கலாம். அண்ணி எதற்கு நடுவில்?

சரி. கண்ணுக்குக் கறுப்பு ஆலிவ். விதையெடுத்தது, டின்னில் வருவது. நீளவாக்கில் பிளந்து, எவர்சில்வர் உறிஞ்சுகுழாயால் வட்டம் வட்டமாகக் குத்தி எடு. உப்புத் தண்ணீர் இறங்கிக் கன்னத்தில் கோடு விழும், அதனால் துணியில் ஒற்றிக்கொள். அதே குழாயால் இட்லியிலும் 3 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் குத்திச் சிறு குழி எடுத்து உள்ளே பதி, மேலே ஒட்டினால் வழுக்கும். உலர்திராட்சை வேண்டாம், ஆவியில் ஊறிச் சாறு வடிந்து பேய் அழுகிற மாதிரி ஆகும். மிளகும் வேண்டாம், சின்னவன் ஒன்றைக் கடித்தால் பிறகு ஒன்றையும் தொட மாட்டான். கண் இரண்டும் நெருங்கி, கீழே இறங்கியிருந்தால் குழந்தைப் பேய். மேலே தள்ளி வைத்தால் உன் முகம் மாதிரி வரும்.

உனக்கு டம்ளர் தேவைப்படாது. பானைத் தட்டிலேயே ஊற்றினால் தட்டையான பேய் கிடைக்கும், பிள்ளைகளுக்கு அதுவும் பேய்தான். நிமிர்ந்து நிற்கிற பேய்தான் வேண்டுமென்றால் 1ஆம் தேதி சாயங்காலம் வந்து ஆறு டம்ளரையும் எடுத்துப் போ, நான் வீட்டில்தான் இருப்பேன்.

பானையில் தண்ணீர் இரண்டு விரல் உயரம் போதும். ராணித் தலை போட்ட அந்தப் பழைய ஒரு ரூபாயை எடுத்துவிடாதே, அடியிலேயே கிடக்கட்டும். தண்ணீர் கொதிக்கும்வரை அது கடகடவென்று ஆடிக்கொண்டிருக்கும். சத்தம் நின்றால் தண்ணீர் தீர்ந்தது, உடனே ஊற்று.